கோடையில் ஃபீனிக்ஸ், குளிரில் மாஸ்கோ: டயானா டொராசியின் கூடைப்பந்து வாழ்க்கை

டயானா டொராசி, அமெரிக்காவின் மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 20 சீசன்கள் ஆடி 10,646 புள்ளிகள் எடுத்தவர். அந்த லீக்கில் 10,000 புள்ளிகளைத் தொட்ட முதல் வீராங்கனை அவரே. அவருக்கு முன் சாதனையை வைத்திருந்த டீனா தாம்ப்சனின் கணக்கு 7,488. கூடைப்பந்தில் 6 ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை முதலில் வென்றவரும் அவர்தான். ஆண்களில்கூட அதுவரை யாரும் அதைச் செய்திருக்கவில்லை. ஆனால் புள்ளிக் கணக்கு முழுக்கக் கோடைகாலத்துக் கணக்கு. அவருடைய வருமானத்தின் பெரும்பகுதியும் கோப்பைகளில் பலவும் ரஷ்யாவின் குளிர்காலத்தில் சேர்ந்தவை. அந்தப் பாதியைச் சேர்த்துப் பார்த்தால்தான் மகளிர் கூடைப்பந்து என்கிற தொழில் இருபது ஆண்டுகளாக எப்படி நடந்துவந்தது என்பது விளங்கும்.

டொராசி 1982 ஜூன் 11 அன்று கலிஃபோர்னியாவின் கிளென்டேல் நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே உள்ள சீனோவில் வளர்ந்தார். தந்தை மாரியோ இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். கால்பந்தில் கோல்கீப்பராக ஆடியவர். தாய் லிலியானா அர்ஜென்டினாக்காரர். வீட்டில் பேச்சு ஸ்பானிஷ், விளையாட்டு என்றால் கால்பந்து. மகளுக்கோ லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிமேல்தான் பித்து. அந்த அணியின் நட்சத்திரம் கோபி பிரையன்ட் பிற்காலத்தில் அவருக்கு 'ஒயிட் மாம்பா' என்று பட்டப்பெயர் வைத்தார். மாம்பா என்பது பிரையன்ட் தனக்கே சூட்டிக்கொண்டிருந்த பெயர் என்பதால் அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து கிடைத்திருக்காது.

அமெரிக்காவில் கூடைப்பந்தைத் தொழிலாக ஏற்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி அணி வழியாகத்தான் வருகிறார்கள். டொராசி நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், 2000-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜீனோ ஆரியம்மா. மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் மிக அதிக வெற்றி கண்டவர்களில் ஒருவர். முதல் ஆண்டு கசப்பாக முடிந்தது. 2001 தேசியப் போட்டியின் அரையிறுதியில் நோட்டர் டேம் அணியிடம் கனெக்டிகட் தோற்றது. அன்று டொராசி வளையத்தை நோக்கி எறிந்த 15 பந்துகளில் ஒன்றுதான் உள்ளே விழுந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அவரது அணியே சாம்பியன். 2002-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 39-ஐயும் வென்றது. அந்த அணியில் சூ பேர்ட், ஸ்வின் கேஷ் உள்ளிட்ட நான்கு மூத்த வீராங்கனைகள் இருந்தார்கள்; நால்வரும் அந்த ஆண்டே தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார்கள். எனவே 2003, 2004 பட்டங்களுக்குத்தான் கூடுதல் மதிப்பு. பெரும்பாலும் இளையவர்கள் நிறைந்த அணியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, டென்னசி பல்கலைக்கழகத்துக்கு எதிரான இரண்டு இறுதிப் போட்டிகளையும் டொராசி வென்றுகொடுத்தார். இரு ஆண்டுகளும் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான நெய்ஸ்மித் விருது அவருக்கே கிடைத்தது.

கல்லூரி முடித்தவர்களை டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் 'டிராஃப்ட்' என்ற முறையில் வரிசை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிகளுக்குத் தேர்வில் முன்னுரிமை உண்டு. எந்த ஊரில் ஆடுவது என்பதைப் புதியவர் தீர்மானிக்க முடியாது. 2003-இல் 34 ஆட்டங்களில் 8-ஐ மட்டுமே வென்றிருந்த ஃபீனிக்ஸ் மெர்குரி, 2004-இல் முதல் ஆளாக டொராசியை எடுத்துக்கொண்டது. அரிசோனாப் பாலைவனத்து நகரமான ஃபீனிக்ஸிலேயே அவர் கடைசிவரை இருந்தார். இருபது சீசனும் ஒரே அணியில் ஆடுவது தொழில்முறை விளையாட்டில் அபூர்வம். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் விருதும் பெற்றார். லீக்கில் முதல் ஆளாகத் தேர்வான அவருக்கு அந்த ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 40,000 டாலர். ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வில் அதே நிலையில் தேர்வானவருக்கு அது பல மில்லியன்.

டொராசி ஆடியது கார்டு நிலையில்: பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும், தூரத்திலிருந்து எறியும் இடம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது அவருடைய முதல் ஆயுதம். பெரும்பாலானவர்கள் கோட்டின் விளிம்பில் கால் பதித்து, சமநிலை பார்த்து எறிவார்கள். அவர் கோட்டுக்கு இரண்டு மூன்று அடி வெளியே, ஓட்டத்தின் நடுவில் சட்டென்று நின்று எறிவார். தடுப்பவர் அவ்வளவு தூரம் வந்து மறித்தால் பின்னால் இடம் திறந்துவிடும். அந்த இடத்துக்குள் தோழி ஒருத்தி ஓடியிருப்பாள், பந்து அவளிடம் போயிருக்கும். எறிதலுக்குப் பேர்போனவர் லீக்கின் உதவிப் பாஸ் கணக்கிலும் முன்னணியில் இருப்பதற்கு இதுவே காரணம். 2013-இல் மூன்று புள்ளிக் கோட்டை லீக் 6.75 மீட்டருக்குத் தள்ளி வைத்தது. முன்பே அதற்கு அப்பாலிருந்து எறிந்து பழகியவருக்கு அது பெரிய இடைஞ்சலாக இல்லை.

2006-இல் ஃபீனிக்ஸுக்குப் பயிற்சியாளராக வந்த பால் வெஸ்ட்ஹெட், நிற்காமல் ஓடி, கிடைத்த முதல் வாய்ப்பிலேயே எறியும் ஆட்டத்தில் நம்பிக்கை கொண்டவர். டொராசிக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 25.3 புள்ளிகள் எடுத்தார். 2024 வரை அந்தச் சராசரியை யாரும் தாண்டவில்லை. மறு ஆண்டு டெட்ராய்ட் ஷாக் அணியை அதன் சொந்த அரங்கில் ஐந்தாவது ஆட்டத்தில் வீழ்த்தி மெர்குரி முதல் பட்டம் வென்றது. 2009-இல் இந்தியானாவை வென்று இரண்டாவது பட்டம். லீக்கின் சிறந்த வீராங்கனை விருதும் அந்த ஆண்டுதான். அதே கோடையில் மது அருந்திவிட்டுக் கார் ஓட்டிய வழக்கில் சிக்கினார். 2 ஆட்டங்களுக்கு அணியிலிருந்து விலக்கப்பட்டார். 2014-இல் மூன்றாவது பட்டம் வந்தது. 34 ஆட்டங்களில் 29 வெற்றி பெற்ற அந்த அணியை சாண்டி பிராண்டெல்லோ நடத்தினார். உயரமான பிரிட்னி கிரைனர் வளையத்தடியில் நின்றார்.

டபிள்யூ.என்.பி.ஏ.வின் சீசன் மே மாதம் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிகிறது. ஐரோப்பியக் கிளப்புகளின் சீசனோ அக்டோபரில் தொடங்கி வசந்தகாலம்வரை போகிறது. இந்த இடைவெளிதான் ஒரு தலைமுறை அமெரிக்க வீராங்கனைகளுக்குச் சோறு போட்டது. டொராசி 2005 குளிர்காலத்தில் டைனமோ மாஸ்கோவுக்குப் போனார். அடுத்த ஆண்டு முதல் மாஸ்கோ வட்டாரத்து ஸ்பார்டக் கிளப்புக்கு ஆடினார். ஃபீனிக்ஸில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு சம்பளம் அங்கே கிடைத்தது. பழைய தோழி சூ பேர்டும் அதே அணியில் இருந்தார்.

ஸ்பார்டக்கின் உரிமையாளர் ஷப்தாய் கல்மனோவிச் ஒரு நாவல் பாத்திரம்போல வாழ்ந்தவர். லிதுவேனியாவின் கௌனஸில் பிறந்து இஸ்ரேலில் குடியேறி, அங்கே சோவியத் உளவாளி என்று தண்டிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்து, பின்னர் ரஷ்யாவில் பெருவணிகரானவர். மகளிர் கூடைப்பந்தில் லாபம் இல்லை என்பது தெரிந்தே பணத்தைக் கொட்டினார். வீராங்கனைகளுக்குத் தங்குவதற்கு மாளிகை, வாகனம், ஓட்டுநர் எல்லாம் ஏற்பாடாயிருந்தன. சொந்த நாட்டில் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஒடுங்கி உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அங்கேதான் முதல்தர ஆட்டக்காரருக்கு உரிய மரியாதை கிடைத்தது என்பது வருத்தமான உண்மை. 2009 நவம்பர் 2 அன்று கல்மனோவிச் மாஸ்கோவில் காருக்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். அணி கலையவில்லை. அந்த சீசனையும் ஆடி முடித்து, 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்காவது முறையாக, ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கின் கோப்பையைக் கைப்பற்றியது.

வெளிநாட்டில் ஆடுவது எவ்வளவு நிச்சயமற்றது என்பது அதே 2010-இன் கடைசியில் தெரிந்தது. இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே கிளப்பில் சேர்ந்திருந்த டொராசியின் சோதனை மாதிரியில் மோடஃபினில் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அவர் மறுத்தார். கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. 2011 பிப்ரவரியில், சோதனை நடத்திய ஆய்வகமே தன் முடிவைத் திரும்பப் பெற்றது. அவர்மேல் இருந்த தடை நீங்கியது. ஆனால் அந்தக் குளிர்கால சீசன் பாழானது. ஒரு ஆய்வகத்தின் பிழை, ஆட்டக்காரரின் பெயரையே அழித்துவிடக்கூடியது. லண்டன் ஒலிம்பிக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டே இருந்த நிலையில் உண்மை வெளிவந்திருக்காவிட்டால், அவருடைய ஆறு தங்கங்களில் ஒன்று இல்லாமல் போயிருக்கலாம்.

பின்னர் கலதாசராய் கிளப்பில் ஒரு சீசன் ஆடிவிட்டு, 2012-இல் உரால் மலையடிவாரத்து எகத்தரீன்பூர்க் நகரின் யு.எம்.எம்.சி. கிளப்புக்குப் போனார். பெரும் சுரங்க, உலோக நிறுவனம் ஒன்றின் பணத்தில் நடந்த கிளப் அது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அமெரிக்காவில் அப்போது ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய உச்சச் சம்பளமே சுமார் 1,07,000 டாலர்தான். பத்து ஆண்டுகளாகக் கோடை, குளிர், ஒலிம்பிக் என்று ஓய்வே இல்லாமல் ஓடிய உடம்பு அலுத்துப்போயிருந்தது. 2015 தொடக்கத்தில் ரஷ்யக் கிளப் ஒரு யோசனை சொன்னது: கோடையில் ஆடாமல் ஓய்வெடுங்கள், ஃபீனிக்ஸில் கிடைக்கும் சம்பளத்தைவிட அதிகமாக நாங்களே தருகிறோம். டொராசி ஏற்றுக்கொண்டார். லீக் சாம்பியன் அணியின் முதன்மை வீராங்கனை, ஆடாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு சீசன் முழுக்க விலகி நின்றார்.

டபிள்யூ.என்.பி.ஏ.வுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் குறை சொல்வதானால் தன் சிறந்த வீராங்கனைக்கு வெளிநாட்டுக் கிளப் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்க முடியாத அமைப்பைத்தான் சொல்ல வேண்டும். 2020-இல் கையெழுத்தான லீக்-வீராங்கனைகள் ஒப்பந்தத்தில் உச்சச் சம்பளம் 2,15,000 டாலராக உயர்ந்தது. மகப்பேறு விடுப்பில் முழுச் சம்பளம் உறுதியானது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: வெளிநாட்டு சீசன் முடிந்து தாமதமாகத் திரும்புகிறவர்களுக்கு முதலில் அபராதம், பிறகு சீசன் முழுக்கத் தடை. அணிகள் எல்லாம் தனி விமானத்தில் பறக்க 2024 ஆக வேண்டியிருந்தது. ரஷ்யக் கதவு அதற்கு முன்பே மூடிவிட்டது. எகத்தரீன்பூர்க் அணிக்கே ஆடிவந்த பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமானநிலையத்தில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில்தான் விடுதலையானார். இடையில் உக்ரைன் போரும் தொடங்கிவிட்டதால் அமெரிக்க வீராங்கனைகள் அங்கே போவது பெரும்பாலும் நின்றது.

டொராசி 2017-லேயே ரஷ்யாவை விட்டிருந்தார். அந்த ஆண்டு ஜூன் 18 அன்று, சிறுவயதில் அவர் கொண்டாடிய லேக்கர்ஸின் அரங்கிலேயே, டீனா தாம்ப்சனின் புள்ளிச் சாதனையைக் கடந்தார். முன்னாள் அணித் தோழி, ஆஸ்திரேலியாவின் பென்னி டெய்லரை மணந்ததும் அதே ஆண்டு. அதன் பிறகு உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கியது. 2019-இல் முதுகில் அறுவை சிகிச்சை. அந்த சீசனில் ஆட முடிந்தது 6 ஆட்டம். 2021-இல் மார்பெலும்பு முறிவும் கணுக்கால் காயமும் சேர்ந்து வந்தன. 39 வயதில் அந்தக் காலோடு அரையிறுதியில் லாஸ் வேகாஸை வீழ்த்தி, மெர்குரியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். கடைசி அரையிறுதி ஆட்டம் முடிந்த கையோடு ஃபீனிக்ஸுக்கு விரைந்தார். பொழுது விடிவதற்குள் அவருக்கும் பென்னி டெய்லருக்கும் இரண்டாவது குழந்தை பிறந்தது. இறுதிப் போட்டியில் சிகாகோ வென்றது.

10,000-ஆவது புள்ளி 2023 ஆகஸ்ட் 3 அன்று ஃபீனிக்ஸில் அட்லாண்டாவுக்கு எதிராக வந்தது. அன்று அவருக்குத் தேவைப்பட்டது 18; எடுத்தது 42. அப்போது வயது 41. லீக்கில் அந்த வயதில் யாரும் ஒரே ஆட்டத்தில் 40 புள்ளிகளைத் தொட்டதில்லை. மைல்கல்லைத் தாண்டிய பந்து, எதிர்பார்த்தபடியே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போனது.

அமெரிக்கத் தேசிய அணியில் அவர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போனபோது கல்லூரி முடித்து சில மாதங்களே ஆகியிருந்தன. பீஜிங், லண்டன், ரியோ, டோக்கியோ என்று அடுத்தடுத்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தங்கம். டோக்கியோவில் ஐந்தாவது பதக்கத்தை சூ பேர்டுடன் சேர்ந்து வாங்கினார். பேர்ட் அதோடு நிறுத்திக்கொண்டார். 2024 பாரிஸ் அணியில் 42 வயது டொராசிக்கு இடம் கொடுத்தது சரியா என்று விவாதம் எழுந்தது. முதல் சுற்றில் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கினார்; காலிறுதியிலிருந்து அந்த இடம் இளையவரான ஜாக்கி யங்குக்குப் போனது. பிரான்ஸை 67-66 என்று ஒரே புள்ளியில் அமெரிக்கா வென்ற இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கவே இல்லை. ஆறாவது தங்கத்தின் மதிப்பு இதனால் குறையாது. இருபது ஆண்டுகள் அந்த அணியில் இடம் தக்கவைத்ததே சாதனை. ஆனால் அணி அவரைத் தாண்டிப் போய்விட்டது என்பதும் அங்கே தெளிவாகத் தெரிந்தது.

அந்த ஆண்டு பிளே-ஆஃப் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் மெர்குரி தோற்றதே அவருடைய கடைசி ஆட்டம். 2025 பிப்ரவரி 25 அன்று ஓய்வை அறிவித்தார். அதற்கு முந்தைய மாதம்தான் மயாமியில் 'அன்ரைவல்ட்' என்ற புதிய மகளிர் லீக் தொடங்கியிருந்தது. பக்கத்துக்கு மூவர் ஆடும் போட்டி, நடப்பது குளிர்காலத்தில், ஆடுகிறவர்களுக்கு லீக்கின் உரிமையிலும் பங்கு. அதை ஆரம்பித்தவர்கள் பிரியானா ஸ்டூவர்ட்டும் நஃபீஸா காலியரும். இருவருமே டொராசிக்குப் பின் கனெக்டிகட்டில் ஆரியம்மாவிடம் பயின்று வந்தவர்கள். குளிர்காலச் சம்பளத்துக்காகக் கடல் தாண்ட வேண்டாம் என்பதே அவர்கள் அதைத் தொடங்கியதன் முக்கியக் காரணம்.