வெட்டுமுன் ஒரு சுற்று

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோமீட்டர் நடக்கவேண்டும். நிழலின் அருமையை அவர்கள் கால்கள் அறியும். 2016-ஆம் ஆண்டில் அந்தப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது ஊரார் ஆட்சேபித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் தடை விதித்தது. பாதையோர மரத்துக்காக வாதாட ஊர் உண்டு. நமது முற்றத்து வேம்புக்கோ வீட்டாரைத் தவிர வேறு யார்?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையை இவ்வூரில் கண்டவர்கள், கூரைமேல் சாய்ந்த கிளையைப் பார்த்து அஞ்சுவது நியாயமே. ஆனால் அச்சம் வேறு, அபாயம் வேறு. நாம் சொல்வது இதுதான்: அடிமரத்தில் காளான் பூத்திருக்கிறதா, வேரோரத்து மண் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா, சாய்வு புதிதா என்று முதலில் பாருங்கள். ஆம் எனில், அறிந்தவரிடம் காட்டி, அவரும் அபாயமென்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அகற்றத்தான் வேண்டும். குழந்தைகள் உறங்கும் வீடல்லவா?

இல்லையெனில், பட்ட கிளைகளையும் ஓட்டை உரசும் கிளைகளையும் ஐப்பசி மழைக்கு முன் கழித்தால் போதும். உச்சியை மொட்டையடிக்க வேண்டாம். வெட்டுவாயில் அழுகல் புகும்; பின்னர் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பும் இராது.

மலையையே வலம் வருகிற நாம், கோடரியை எடுக்குமுன் மரத்தை ஒருமுறை சுற்றி வரலாகாதா?