காலண்டரில் இல்லாத கண்மாய்

டீக்கடைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. மார்ச் மாதத் தாளில் நீல ஏரி, பின்னால் பனிமலை, முன்னால் மஞ்சள் பூக்கள், கரையோரம் ஒரு மரப்படகு. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊர். அடியில் ஜவுளிக்கடையின் பெயர். அச்சடித்த இடம் சிவகாசி. கடையை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினால் கண்மாய்க் கரை. அங்கே புங்கமரம் பூத்து, அடியில் பொரியை இறைத்ததுபோல் பூ சிந்திக் கிடக்கிறது. மிதித்துக்கொண்டு போகிறார்கள். நாட்டுக்கே படம் அச்சடித்துக் கொடுக்கிற மண்ணில், அந்த மண்ணுக்கென்று ஒரு படம் இல்லை.

‘வசந்தம் வருவதைப் படம் பிடித்து வாருங்கள், நீர்க்கரையாக இருக்கட்டும்’ என்று சொல்லித்தான் பத்திரிகையிலிருந்து என்னை அனுப்பினார்கள். “விருதுநகர் மாவட்டத்திலயா?” என்று ஒரு நண்பர் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. வசந்தம் என்றாலே பனி உருகணும், மொட்டு வெடிக்கணும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே காலண்டர் சீனரிதானே!

வற்றும்போது வரும் வசந்தம்

இந்தப் பக்கத்துக் கண்மாய்க்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் உயிர். மழை நன்றாகப் பெய்த வருஷம் மார்கழியில் மறுகால் பாயும். தை தாண்டினால் இறங்கத் தொடங்கும். மாசியில் பாதி, பங்குனியில் நடுப்பள்ளம். அந்த நடுப்பள்ளத்தில்தான் திருவிழா. பரந்து கிடந்த மீனெல்லாம் முழங்கால் தண்ணீருக்குள் நெருக்கியடிக்க, கூழைக்கடா வரும், நத்தைக்குத்தி நாரை வரும், அரிவாள்மூக்கன் சேற்றைத் துழாவும், நெடுங்கால் உள்ளான் குச்சிக் கால்களில் நடைபழகும். தண்ணீர் ஒவ்வோர் அடி பின்வாங்கும்போதும் ஈரம் காயாத கரிசலில் கோரையும் பூண்டும் ஓரடி முன்னேறும்.

கரைமேல் இன்னொரு கணக்கு. மாசியில் இலையுதிர்த்த வேம்பு பங்குனியில் செந்தளிர் விட்டு, சித்திரை பிறக்கும் முன்பே பூத்துவிடும். வருஷப் பிறப்பன்று பச்சடிக்கு அந்தப் பூவைத்தான் துணி விரித்து உலுக்கி எடுக்கிறோம். பனைகளில் பாளை சீவ ஆளேறும். பதநீர், பின்னாலேயே நுங்கு. விருதுநகரிலும் சிவகாசியிலும் பங்குனிப் பொங்கலுக்குக் கொட்டுச் சத்தம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் திருக்கல்யாணம். ஆக, வசந்தத்தின் மாதம் இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைப் படமாக எடுத்து வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மண்ணில் ஒரு விசித்திரமும் உண்டு. கண்மாய்க்கு மழை வேண்டும். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மழை ஆகாது. காயப்போட்ட சரக்கு காய வேண்டுமே! தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு இந்த வறண்ட வெயிலும் ஒரு காரணம். விடியற்காலையில் கரையோரம் ஆலை வேனுக்காகத் தூக்குவாளியோடு நிற்கிற பெண்களை ஒரு படம் எடுத்தேன். பின்னால் தண்ணீரில் நாரைகள். வயலுக்குத் தண்ணீர் விட்ட மடையில் ஆகாயத்தாமரை. கண்மாயை நம்பிப் பிழைத்த ஊர்கள் வெயிலை நம்பிப் பிழைக்கிற ஊர்களாக மாறிய கதை அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்

படமெடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் அனுபவம். விடிந்து இரண்டு மணி நேரம்தான் வெளிச்சம் நம் பக்கம். ஒன்பதைத் தாண்டினால் கரிசல் தரையிலிருந்து கானல் எழும்பும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் என்றாலும் பறவை நெளிந்துதான் தெரியும். கறுத்த சேற்றில் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா ஏமாந்துபோகும். சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, கொக்கைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆடு திரும்பும்போது எழும்புகிற புழுதியை விட்டுவிடாதீர்கள். பறவையை எழுப்பிவிட்டு எடுக்கிற படம் வேண்டாம். மடைப் பக்கம் அசையாமல் உட்கார்ந்தால் அதுவே கிட்டத்தில் வரும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து நின்றார். “என்னத்தத் தம்பி படம் எடுக்கீக? தண்ணி கெடக்கையில வந்திருக்கலாம்ல?”

“பச்சையா இருக்குதே ஐயா, அதத்தான் எடுக்கேன்.”

அவர் கம்பை நீட்டிக் காட்டினார். “அது பச்சையா? அது வேலிக்கருவ.”

கேமராவின் சின்னத் திரையில் எடுத்த படங்களைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்று காலை நான் வசந்தம் என்று எடுத்த பச்சையில் முக்கால்வாசி சீமைக்கருவேலம்!

அதன் பிறகு இந்தக் கட்டுரை என் கையில் இல்லை. அந்த மரம் பிடித்துக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகக் கொண்டுவந்த மரம், இன்று கண்மாயின் உள்வாயில் குடியிருக்கிறது. மாசியில் மற்ற மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது அது மட்டும் பளபளக்கும். காட்சிக்கு வசந்தம்; கிட்டே போனால் முள். 2017 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவையடுத்து ஊர் ஊராக வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு தடை வந்தது, வேகம் தணிந்தது. தூரோடு எடுக்காத இடங்களில் அடுத்த மழைக்கே துளிர்த்துவிட்டது.

கரிமூட்டம் போடுகிற குடும்பங்களுக்கு அதுதான் சோறு. மத்திய ஆசியாவிலிருந்து வந்து, பங்குனியோடு ஊர் திரும்புகிற சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் ராத்தங்குவதும் அந்த முட்காட்டில்தான் என்பார்கள். இருக்கட்டும். கண்மாய்க்குள் அது எதற்கு என்பதுதான் என் கேள்வி.

படக்காரர்களாகிய நாங்கள் இதில் யோக்கியர்கள் இல்லை. முள் தெரியாமல் சட்டத்தை நகர்த்துகிறோம். குப்பை மேட்டை வெட்டுகிறோம், மனைக்கல்லை வெட்டுகிறோம், கழிவுநீர் வாய்க்காலை வெட்டுகிறோம். கடைசியில் ஒரு நாரையும் ஒரு பனையும் மிஞ்சுகின்றன. விருப்பக்குறிகள் குவிகின்றன. பார்க்கிறவர், கண்மாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார். ஐரோப்பிய ஏரியை ஒட்டிய காலண்டருக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் நம் ஊர் இல்லை.

நிஜ ஜப்பானில்

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெரிய ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் என்றைக்குப் பூத்தன என்ற தேதி, பழைய நாட்குறிப்புகளின் தயவால் 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கிறது. 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே முழுசாகப் பூத்துவிட்டபோது, 1,200 ஆண்டுக் கணக்கில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பருவம் நழுவுகிறது என்பதற்குப் பூவே சாட்சி.

நம்மிடம் தேதி கிழிக்கிற காலண்டர் இருக்கிறது, தேதி குறித்த பூ இல்லை. இந்தப் பக்கத்துப் பெரியகுளம் கண்மாய்க் கரையில் புங்கு போன வருஷம் எந்த வாரம் பூத்தது? வத்திராயிருப்புப் பக்கம் நடுப்பள்ளம் எப்போது வறண்டது? கேட்டால் “வழக்கமா பங்குனில” என்பார்கள். அந்த வழக்கம் மாறினால் நமக்கு எப்படித் தெரியும்?

காலண்டர்த் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால் சாமி படம்தான் ஓடும், சீனரி என்றால் வெளிநாடுதான் கேட்கிறார்கள் என்பார்கள். வியாபாரம் அவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் புது வருஷத்து ஆல்பம் வெளியாவது ஆடிப்பெருக்கன்று. ஆறும் குளமும் நிறையட்டும் என்று கும்பிடுகிற நாளில், பன்னிரண்டு தாளில் ஒரு தாள் நம் கண்மாய்க்குக் கொடுத்தால் ஆர்டர் குறைந்துவிடாது.

வாசகர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்க் கண்மாயில் மடையோ, கலுங்கோ, கரைமேல் ஒரு பனையோ, அசையாத ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் பங்குனி உத்திரத்தன்று காலை, அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம். போன் கேமரா போதும். முள், குப்பை எதையும் ஒதுக்காதீர்கள். படத்தோடு தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிவையுங்கள். பத்து வருஷம் கழித்துப் பத்துப் படங்களையும் வரிசையாக அடுக்கினால், கண்மாய் சுருங்கியதா, பிழைத்ததா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.