சிறிய மின்கருவிக்கு விதிவிலக்கு: எதற்கு, எதுவரை?

கற்பிட்டி, புத்தளம் கரையோரங்களில் இடம்பெயர்ந்து வாழும் பல குடும்பங்களுக்கு, மின்சாரம் கிடைக்குமுன் செய்தி சொன்னது பற்றரி வானொலிதான். இன்றும் வெள்ளத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் எச்சரிக்கை கேட்க அது கைகொடுக்கும். பக்கத்தில் சோலார் விளக்கை ஏற்றியதும் அந்த வானொலி இரைந்தால், காரணம் என்ன?

உள்ளே வேகமாகத் திறந்து மூடும் மின்சுற்று உள்ள எந்தக் கருவியும் சிறிதளவு வானொலி அலையை வெளிவிடும். ஒரு கருவி இன்னொன்றைக் குழப்பாதிருக்க வகுத்தவையே மின்காந்த இணக்க விதிகள். கடைப் பொருட்களில் நாம் காணும் எஃப்.சி.சி., சி.ஈ. முத்திரைகளுக்குப் பின்னால் இவ்விதிகளும் உள்ளன. ஆனால் சில கருவிகளுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு.

அமெரிக்க விதி (எஃப்.சி.சி., பகுதி 15) இரண்டு வழிகளைத் தருகிறது. முதலாவது, 6 நனோவாற்றுக்கு மேற்படாத மின்சாரம் எடுக்கும் இலக்கமுறைக் கருவி. இது மிகமிகச் சிறிய அளவு. கைக்கடிகாரமே இதைவிடக் கூடுதலாக எடுக்கும். இரண்டாவதுதான் நடைமுறையில் உதவுவது. கருவியில் உண்டாகும், பயன்படும் அதிர்வெண் எதுவும் 1.705 மெகாஹேர்ட்சை எட்டக்கூடாது. வீட்டு மின்சாரத்தில் இயங்கவும் கூடாது. 32,768 ஹேர்ட்சில் ஓடும் பற்றரிக் கடிகாரம் இதில் அடங்கும். சுவரில் செருகிச் சார்ஜ் ஏறும்போதே இயங்கும் கருவிக்கு இவ்விலக்கு இல்லை. ஐரோப்பாவின் 2014/30 இலக்கப் பணிப்பாணையும், இயல்பிலேயே தொந்தரவு தராத கருவிகளை விலக்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அலை வானொலி முழுவதும் 1.705 மெகாஹேர்ட்சுக்குக் கீழேதான் இருக்கிறது. புத்தளத்திலிருந்து ஒலிபரப்பு நடந்துவந்த 882 கிலோஹேர்ட்சை எடுப்போம். நொடிக்கு 98,000 தடவை திறந்து மூடும் சுற்றின் ஒன்பதாம் மடங்கு சரியாக 882 கிலோஹேர்ட்ஸ். ஆகவே விலக்குப் பெற்ற கருவியும் நம் வானொலியை இரையச் செய்யலாம். விலக்கு சோதனைக்கு மட்டுமே, பொறுப்புக்கு அல்ல. தீங்கான இடையூறு நிரூபிக்கப்பட்டால், விலக்குப் பெற்ற கருவியையும் நிறுத்தவேண்டும் என்று அதே அமெரிக்க விதி சொல்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. பற்றரி வானொலியை நிலையங்களுக்கு இடைப்பட்ட இடத்தில் வையுங்கள். எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதனுடன் இரைச்சல் வருகிறதோ, அதுவே காரணம்.

2. வானொலியைச் சில அடி தள்ளி வையுங்கள். திசையைத் திருப்பியும் பாருங்கள். சோலார் தகட்டின் இரு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, நீளத்தைக் குறையுங்கள்.

3. யானை வேலி நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒலித்தால், தளர்ந்த இணைப்போ வயரில் தொடும் கொடியோ பொறி எழுப்பக்கூடும். மின்னூட்டத்தை நிறுத்திய பின்னரே வேலியைத் தொடுங்கள்.

அலை அனுப்புவதற்கென்றே செய்த கருவிகளுக்கு, அவை எவ்வளவு சிறியவையானாலும், மேற்சொன்ன விலக்கு பொருந்தாது. இலங்கையில் அலைவரிசைகளைக் கண்காணிப்பது 1996இல் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நாம் செய்தவற்றுக்குப் பின்னும் இரைச்சல் நீங்காவிட்டால், நாள், நேரம், அலைவரிசை மூன்றையும் குறித்து அங்கு எழுதலாம். அயலவரின் கருவி காரணமானால் முதலில் அவரோடு பேசுவோம்; எச்சரிக்கை கேட்கவேண்டிய நாளில் அவருக்கும் அதே வானொலிதான் வேண்டும்.