ஒரு கோல்கீப்பரின் பேச்சு

பாகிஸ்தானைப் பற்றி 2016இல் ஸ்ரீஜேஷ் சொன்னது தன்னம்பிக்கையா, தேவையற்ற சுமையா? கேரள எல்லைத் தமிழர்களுக்கு இந்த விவாதத்தில் சொந்த அனுபவமும் கலந்திருக்கிறது.

காஷ்மீரின் உரி ராணுவ முகாம் தாக்கப்பட்டு 19 வீரர்கள் உயிரிழந்தது 2016 செப்டம்பர் 18ஆம் தேதி தொடங்கிய சோகம். நாடே கொதித்துக்கொண்டிருந்த அந்த மாத இறுதியில், பெங்களூரில் பயிற்சி முகாமில் இருந்த இந்திய ஹாக்கி அணித் தலைவர் பி.ஆர். ஸ்ரீஜேஷிடம் எல்லோரும் எதிர்பார்த்த கேள்வி கேட்கப்பட்டது. மலேசியாவின் குவாந்தன் நகரில் அக்டோபரில் நடக்கவிருந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையில் பாகிஸ்தானை எப்படிச் சந்திப்பீர்கள்?

வழக்கமாக விளையாட்டு வீரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அதுவும் ஒரு ஆட்டம்தான் என்று சொல்லி நழுவிவிடுவார்கள். ஸ்ரீஜேஷ் நழுவவில்லை. நூறு சதவீத உழைப்பைத் தருவோம் என்றவர், எல்லையில் உயிரைக் கொடுக்கும் ஜவான்களைத் தோல்வியால் ஏமாற்ற விரும்பவில்லை என்றும் சொன்னார். மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் தலைப்பு.

கோல்கீப்பர் பேசலாமா, இப்படிப் பேசலாமா என்ற விவாதம் அன்று தொடங்கியது. ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பின்னும் ரசிகர்கள் கூடும் இடங்களில் அது தலைகாட்டுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும், இடுக்கியின் குமுளி, மூணாறு பக்கமும் அது சற்று வித்தியாசமாகவே ஒலிக்கிறது. காரணம், இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லை என்பது தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கும் சமாச்சாரம் அல்ல.

இவை ஹாக்கிக்குப் பெயர்போன ஊர்கள் இல்லை. உலகக் கோப்பை வந்தால் கேரளத்துச் சந்திகளில் எழும்பும் ஆளுயரக் கட்அவுட்கள் கால்பந்து வீரர்களுக்குத்தான். தேயிலைத் தோட்ட மைதானங்களில் உருள்வதும் கால்பந்துதான். ஹாக்கிக்கு இங்கே ரசிகர்களை உருவாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது ஸ்ரீஜேஷ். எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு ஓடவும் குண்டு எறியவும் போன பையனைப் பயிற்சியாளர்கள் கோல் கம்பத்தின் கீழ் நிறுத்தினார்கள். காப்புக் கவசங்கள் வாங்குவதற்காகத் தந்தை மாட்டை விற்றார் என்பது கேரளம் முழுக்கத் தெரிந்த கதை.

அவருக்கு முன்பும் ஒரு மலையாளி கோல்கீப்பர் உண்டு. கண்ணூரின் மேனுவல் ஃப்ரெடெரிக், 1972 மூனிச் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். அந்த அணியின் தங்கக் கனவு அரையிறுதியில் கலைந்தது. கலைத்தது பாகிஸ்தான், 0-2. மேனுவலுக்குத் தியான்சந்த் விருது வந்து சேர்ந்ததோ 2019இல், 47 ஆண்டுகள் கழித்து. கோல்கீப்பர்கள் அதிகம் பேசாத, பேசினாலும் யாரும் கேட்காத காலம் அது.

ஸ்ரீஜேஷை ஆதரிப்பவர்களின் முதல் வாதம் எளிமையானது: பேசுவது கோல்கீப்பரின் வேலை. அது உண்மையும்கூட. மைதானம் முழுவதும் கண்ணில் படுவது அவர் ஒருவருக்குத்தான். யார் யாரைக் காவல் காக்க வேண்டும், எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பவர் அவர். 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உள்ள கோலைக் காக்க வேண்டும். பெனால்டி கார்னரில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வரும் பந்தை யோசித்துத் தடுக்க முடியாது. தடுத்துவிடுவோம் என்ற நம்பிக்கையோடு முன்கூட்டியே உடம்பு அசைய வேண்டும். அப்படிப்பட்டவரிடம் அடக்கமாகப் பேசு என்பது நியாயமா?

இரண்டாவது வாதம் கணக்கு. 2016இல் அந்தப் பேச்சைப் பேசியவர் வெறும் வாய்ச்சொல் வீரர் அல்ல. 2011 செப்டம்பரில் சீனாவின் ஓர்டோஸில் நடந்த முதல் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானின் இரண்டு பெனால்டி அடிகளைத் தடுத்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் லீக் ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-2 என்று தோற்ற இந்தியா, அக்டோபர் 2ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே அணியைச் சந்தித்தது. 1-1 என்று முடிந்த ஆட்டம் ஷூட்அவுட்டுக்குப் போனது. ஸ்ரீஜேஷ் இரண்டைத் தடுத்தார். 4-2. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம், கூடவே ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடி நுழைவு.

எதிர்த் தரப்பினர் இந்தக் கணக்கை மறுப்பதில்லை. அவர்களின் கேள்வி வேறு. ஜெயித்தால் சரி, தோற்றிருந்தால்? ஹாக்கியில் தோற்பதற்கு நூறு காரணங்கள் உண்டு. நடுவரின் விசில், பந்து மட்டையில் பட்டுத் திரும்பிய கோணம், ஒருவரின் முழங்கால் வலி. இவற்றில் ஏதோ ஒன்றால் தோற்ற அணி, உயிர் நீத்த ஜவான்களுக்குத் துரோகம் செய்த அணியாகிவிடுமா? விளையாட்டு வீரனின் தோளில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றலாமா, அதுவும் அவனே ஏற்றிக்கொள்ளலாமா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. அந்தப் பாரத்தைச் சுமந்த கோல்கீப்பர் ஒருவர் இருக்கிறார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். பிரதமர் இந்திரா காந்தி பார்த்துக்கொண்டிருக்க, பாகிஸ்தான் ஏழு கோல் போட்டது. இந்தியா ஒன்று. கம்பத்தின் கீழே நின்றவர் மீர் ரஞ்சன் நேகி. எதிரணியிடம் காசு வாங்கிக்கொண்டு கோல் விட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஆதாரம் எதுவும் யாரும் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அணியில் அவர் இடம் போனது. ஆட்டத்தை விட்டே பல ஆண்டுகள் விலகியிருந்தார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையிலான அணி தங்கம் வென்றபோது அதன் கோல்கீப்பர் பயிற்சியாளர் நேகிதான். அந்த இறுதி ஆட்டத்தின் வெற்றியும் பெனால்டியில் வந்தது, ஆஷிஷ் பல்லாலின் தடுப்புகளால். நேகியின் கதையின் சாயலில் 2007இல் வந்த 'சக் தே இந்தியா' ஓடிய பிறகுதான் பலருக்கு அவர் முகமே தெரிந்தது. பதினோரு பேர் ஆடிய ஆட்டத்தின் தோல்விக்கு ஒருவர் மட்டும் கால் நூற்றாண்டு பதில் சொன்னார். எதிரணி வேறு எந்த நாடாக இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

ஆக 2016இல் ஸ்ரீஜேஷ் பேசியபோது, அவர் அறிந்தோ அறியாமலோ, நேகி நின்ற இடத்தில்தான் போய் நின்றார்.

குவாந்தனில் என்ன நடந்தது? அக்டோபர் 23 லீக் ஆட்டத்தில் இந்தியா 3-2 என்று பாகிஸ்தானை வென்றது. அரையிறுதியில் தென்கொரியாவுடன் 2-2. ஷூட்அவுட்டில் கடைசி அடியை ஸ்ரீஜேஷ் தடுக்க, இந்தியா 5-4 என்று தப்பியது. ஆனால் காயத்தால் அவரால் இறுதி ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. அக்டோபர் 30, தமிழகத்தில் தீபாவளிக்கு மறுநாள். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர் ஆகாஷ் சிக்டே. மீண்டும் 3-2, கோப்பை இந்தியாவுக்கு. வாக்குக் கொடுத்தவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அதைக் காப்பாற்றியது வேறொருவர். ஆதரவாளர்கள் இதையும் தலைவனின் பேச்சு கொடுத்த தெம்பு என்கிறார்கள். எதிர்ப்பவர்களோ, பார்த்தீர்களா, ஒரு ஆள் கொடுக்கும் வாக்குறுதிக்கு ஆட்டத்தில் எவ்வளவுதான் மதிப்பு என்கிறார்கள்.

எல்லை ஊர்த் தமிழர்கள் இந்த இடத்தில்தான் தங்கள் அனுபவத்தைச் சேர்க்கிறார்கள். பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் அதே ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்துக்குப் போயின. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள், கோடுதான் மாறியது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடும் வாழ்க்கை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தினமும் காலையில் ஜீப் ஏறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்களுக்கு எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடி, அவ்வளவே.

2011 டிசம்பரில் அது மாறியது. முல்லைப் பெரியாறு அணை தொடர்பாக இரு மாநிலத் தலைவர்களின் பேச்சும் சூடேற, குமுளிச் சாலை அடைபட்டது. தோட்டத் தொழிலாளிகள் மிரட்டப்பட்டு, குடும்பத்தோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. வீர வசனங்கள் பேசப்பட்டது திருவனந்தபுரத்திலும் சென்னையிலும். அடி விழுந்ததும் கூலி போனதும் எல்லையில். தூரத்து மேடையில் ஒருவர் விடும் வார்த்தைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது இந்த ஊர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே ஊர்களில் அதே தமிழர்கள், ஸ்ரீஜேஷ் பந்தைத் தடுத்தால் நம்ம ஆள் என்றுதான் கைதட்டுகிறார்கள். அணைத் தகராறு அதற்குக் குறுக்கே வருவதில்லை. தமிழகத்தின் கைதட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ரன்னில் வென்ற பாகிஸ்தான் கிரிக்கெட் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது சென்னைக் கூட்டம். 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைக்கும் பாகிஸ்தான் ஹாக்கி அணி வந்து ஆடிவிட்டுப் போனது. இந்தியா 4-0 என்று வென்றது. அதற்கு யாருக்கும் ஆவேச அறிக்கை தேவைப்படவில்லை.

ஸ்ரீஜேஷின் தன்னம்பிக்கைக்குப் பாகிஸ்தான் தேவைப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல் கடைசி இடம் பிடித்த அணியில் இருந்தவர் அவர். 2017இல் முழங்காலில் அடிபட்டுப் பல மாதங்கள் மட்டையைத் தொடவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் ஆடிய அணி, அரையிறுதி ஷூட்அவுட்டில் மலேசியாவிடம் தோற்றது. இனி முடிந்தது அவர் கதை என்றார்கள். 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியை 5-4 என்று முந்தியிருந்தபோது, ஆட்டம் முடிய சில விநாடிகளே இருக்க, எதிரணிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம். வென்றதும் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த அந்தப் படம் இன்றும் கேரளத்துச் சுவர்களில் இருக்கிறது.

பாரீஸ் 2024 போட்டிக்கு முன்பே, இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டுப் போனார். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17ஆவது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று இழுத்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று வென்றது இந்தியா. ஆகஸ்ட் 8இல் ஸ்பெயினை 2-1 என்று வீழ்த்தி இரண்டாவது வெண்கலம். அவர் அணிந்த 16ஆம் எண்ணை இனி சீனியர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் என்று அவரது மிகப் பெரிய நாட்களில் எதிரே நின்ற எவருக்கும் எல்லைத் தகராறு இல்லை. பதற்றமான நிமிடத்தில் அவருக்குக் கைகொடுத்தது பதினைந்து ஆண்டுப் பயிற்சிதான், பழைய பகை அல்ல.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2025 அக்டோபர் 14 அன்று மலேசியாவின் ஜோகூர் கோப்பையில் அவரது பையன்கள் பாகிஸ்தானைச் சந்தித்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஆசியக் கோப்பை கிரிக்கெட்டில் இந்திய வீரர்கள் பாகிஸ்தானியரோடு கைகுலுக்க மறுத்திருந்தார்கள். ஜோகூரில் ஆட்டம் தொடங்கும் முன் இரு அணி இளைஞர்களும் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். ஆட்டம் 3-3 என்று முடிந்தது. அடுத்த மாதம் சென்னையிலும் மதுரையிலும் தொடங்கிய ஜூனியர் உலகக் கோப்பைக்குப் பாகிஸ்தான் வரவில்லை; அதன் இடத்தில் ஓமன் ஆடியது. ஸ்ரீஜேஷின் பையன்கள் அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றார்கள்.

2016இல் ஸ்ரீஜேஷ் சொன்னது சரியா தவறா என்பதில் ரசிகர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. பந்தைத் தடுப்பேன் என்று ஒரு கோல்கீப்பர் மார்தட்டினால், அது தவறிப்போகும்போது போவது ஒரு கோல். ஒரு தேசத்தின் மானத்தையே தடுத்துக் காட்டுவேன் என்று அவர் சொன்னாலோ, அவர் சார்பில் நாம் சொன்னாலோ, தவறும்போது போவது ஒரு மனிதனின் வாழ்க்கை. அதற்குச் சாட்சி மீர் ரஞ்சன் நேகி.