புகைக்குழாயில் ஒரு தராசு

மோட்டார் யந்திரத்தின் சிலிண்டருக்குள் மூண்டு அவிகிற நெருப்பு நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆதலால், அதற்குப் பெட்ரோல் மிகுதியாகப் போகிறதா குறைவாகப் போகிறதா என்பதை, அது விட்டுச் சென்ற அடையாளங்களைக் கொண்டே அனுபவசாலிகளான மெக்கானிக்குகள் வெகுகாலம் ஊகித்து வந்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கரி படிந்து கறுத்திருந்தால் ‘ரிச்’ என்றும், வெளிறியிருந்தால் ‘லீன்’ என்றும், இளம் பழுப்பாயிருந்தால் சரியென்றும் தீர்மானிக்கிற அந்த வித்தை சாமான்யமானதன்று. ஆயினும் பிளக்கின் நிறம் பல நிமிஷங்களின் பலனைச் சேர்த்துச் சொல்லுமே அல்லாது, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்த அந்த ஒரு கணத்தில் நடந்தது இன்னதென்று சொல்லாது. அந்தக் கணத்தின் கணக்கை எண்ணாகவே எடுத்துக் காட்டுகிற சாதனம்தான் ‘வைட்பேண்ட்’ ஆக்ஸிஜன் சென்சார்.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிந்து தீர ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே சென்ற காற்றை, வேண்டியிருந்த காற்றால் வகுத்தால் கிடைப்பதற்கு லாம்டா என்று பெயர். சரிநிலையில் லாம்டா 1. பெட்ரோல் மிகுந்தால் 1-க்குக் கீழே இறங்கும், காற்று மிகுந்தால் மேலே ஏறும்.

புகையில் எஞ்சிய பிராணவாயுவை மின்சாரத்தின் மூலம் அறியலாம் என்பதற்கு வேரான தத்துவத்தை ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். நன்றாகச் சூடேறிய ஸிர்கோனியா என்னும் பீங்கானின் இரு பக்கங்களிலும் பிராணவாயுவின் அளவு வேறுபட்டிருந்தால், அவற்றினிடையே சிறு மின்னழுத்தம் எழுகிறது. இதைக் கொண்டு போஷ் கம்பெனி செய்த லாம்டா சென்சார், 1976-இல், கலிபோர்னியாவில் விற்பனைக்குச் சென்ற வோல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. ஆனால் இந்தப் பழைய சென்சார் லீன் என்றால் சுமார் 0.1 வோல்ட், ரிச் என்றால் சுமார் 0.9 வோல்ட் என்று இரண்டே விடை சொல்லும், லாம்டா 0.88-க்கும் 0.80-க்கும் அதன் பதிலில் நம்பத்தக்க வித்தியாசம் இராது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு லாம்டா 1-ஐச் சுற்றியே யந்திரம் ஓடினால் போதும் என்பதால் அதற்கு இது போதுமானதே. டியூனிங் செய்பவருக்கோ ‘எவ்வளவு’ என்று தெரிந்தாக வேண்டும்.

வைட்பேண்ட் அதைத் தெரிவிக்கும் விதம் மிகவும் சூட்சுமமானது. அதன் நுனியில், பீங்கான் அடுக்குகளுக்கிடையே, தலைமயிரினும் மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் புகை ஒரு நுண்துளைத் தடையின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து நுழைகிறது. ஒரு பக்கத்தில் நெர்ன்ஸ்ட் செல் காவல் இருக்கிறது; மறுபக்கத்தில் இருக்கும் பம்ப் செல்லோ, மின்சாரம் செலுத்தினால் பிராணவாயுவை அப்புறமிருந்து இப்புறமும் இப்புறமிருந்து அப்புறமும் கடத்த வல்லது. நெர்ன்ஸ்ட் செல்லில் எந்நேரமும் 0.45 வோல்ட்டே நிற்கும்படி, அதாவது அந்தச் சிற்றறைக்குள் லாம்டா எப்போதும் 1 ஆகவே இருக்கும்படி, கண்ட்ரோலர் பம்பை இடைவிடாமல் நடத்துகிறது. பிராணவாயு மிஞ்சியிருந்தால் அதை வெளியேற்றுகிறது. எரியாத எரிபொருள் மிஞ்சியிருந்தால் மின்சாரத்தின் திசை மாறி, வெளியே ஓடும் புகையிலுள்ள நீராவியையும் கரியமில வாயுவையும் பிளந்து பிராணவாயுவை உள்ளே கொணர்ந்து எரிக்கிறது. முள்ளை நடுவில் நிறுத்த எந்தத் தட்டில் எத்தனை எடைக்கல் வைத்தோம் என்பதைக் கொண்டு பண்டத்தின் எடையை அறிவதுபோல, எந்தத் திசையில் எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பதிலிருந்து லாம்டா தெரிந்துவிடுகிறது. அளக்க வேண்டிய வேற்றுமையை இல்லாமற் செய்வதற்கு ஆகும் பிரயத்தனத்தை அளக்கிற இந்த யுக்தியைப் போல் மனத்தைக் கவர்வது மோட்டார் வித்தையில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த நுண்துளைத் தடை சென்சாருக்குச் சென்சார் இம்மியளவு வேறுபடும். ஆகவே போஷ் எல்.எஸ்.யூ. 4.9 போன்றவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, அதற்குரிய சிறு ரெஸிஸ்டரைக் கனெக்டருக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். சென்சாரிலிருந்து வரும் ஒயர் ஐந்து, கனெக்டரில் பின் ஆறு. ஒயரை வெட்டி வேறு கனெக்டரில் இணைப்பவர், அந்தச் சென்சாரின் அளவுத் திருத்தத்தையே வெட்டி எறிந்தவராகிறார்.

சக்தியே நோக்கமென்றால், உள்ளே புகுந்த காற்றிலுள்ள பிராணவாயு முழுவதும் பயன்பட வேண்டும். அதற்காகப் பெட்ரோல் சற்று மிகுந்தே இருக்க வேண்டும். டர்போ இல்லாத யந்திரங்களுக்கு லாம்டா 0.85 முதல் 0.88 வரை உகந்தது. உதாரணமாக, சக்தியை அளக்கும் டைனோ உருளைகளின்மேல் வண்டியை முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டும்போது 0.86-இல் நின்ற எண், நிமிஷத்துக்கு 4,500 சுற்றுக்கு மேல் 0.95 வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.95-ஐ 0.86-ஆல் வகுத்தால் சுமார் 1.10, ஆகவே எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று யந்திரத்தின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணையின் அந்தப் பகுதியில் பெட்ரோலை 10 சதவீதம் கூட்ட வேண்டும். முன்பு ஊகத்துக்கு விடப்பட்டிருந்த காரியம் ஒரு வகுத்தல் கணக்காகிவிட்டது. ஆனால் புகை சிலிண்டரிலிருந்து சென்சாரை வந்தடையச் சிறிது நேரமாகும் ஆகையால், கருவியில் தோன்றும் எண் சற்று முந்திய நிலையினுடையது என்பதை மறந்தவர், கூட்ட வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தைக் கூட்டிவிடுவார்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. இந்தச் சாதனம் அறிவது பிராணவாயுவை. எரிந்த விதத்தை அது அறியாது. ஒரு சிலிண்டரில் பொறி தவறிவிட்டால், அங்கே சென்ற பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் செலவாகவில்லை. அந்தக் காற்று அப்படியே புகைக்குழாய்க்கு வருவதைக் கண்டு, சென்சார் ‘லீன்’ என்று அறிவிக்கிறது. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டக் கூட்டப் பிளக் நனைந்து பொறி மேலும் தவறுகிறது. எண் மேலும் லீன் பக்கம் ஓடுகிறது. சென்சாருக்கு முன்பு குழாயில் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து இதே மயக்கத்தை உண்டாக்கும். யந்திரத்தின் ஓசை தடுமாறும்போது எண்ணைத் திருத்தப் புறப்படாமல், பிளக்கையும் காயிலையும் கேஸ்கெட்டையும் முதலில் பரிசோதிப்பவரையே நான் தேர்ந்த டியூனர் என்பேன்.

பிராணவாயுவை மாத்திரம் அறிகிற அதே குணம், வேறோரிடத்தில் பேருதவியாய் முடிகிறது. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு அடங்கியிருப்பதால், அது எரிய ஒரு கிராமுக்குச் சுமார் 9 கிராம் காற்றே போதும். கலவைக்கோ ஏறக்குறைய 13.5. தூய பெட்ரோலுக்கென்று அமைத்த மீட்டர், லாம்டா 1 ஆகும்போதெல்லாம் 14.7 என்றே காட்டும். அந்த எண்ணை உண்மையான காற்று விகிதமாக எடுத்துக்கொள்பவரின் கணக்கு பிசகும். லாம்டாவோ எரிபொருள் எதுவாயினும் காற்று மிஞ்சியதா, குறைந்ததா, எத்தனை பங்கு என்பதை மட்டும் சொல்லுவதால், மீட்டரை லாம்டா அளவுக்கு மாற்றி வைத்துக்கொண்டவர், எந்தப் பெட்ரோல் பங்க்கில் எந்தக் கலவையைப் போட்டு வந்தாலும் சரிநிலைக்கு 1 என்றே படிக்கலாம்.