சாலையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில்

தோளில் பையும் கழுத்தில் பைனாகுலருமாக ஒரு வெளிநாட்டுப் பயணி சாலை பஜாரில் வழி கேட்டால், "கோவளத்துக்கா, கோவிலுக்கா?" என்றுதான் கடைக்காரர் கேட்பார். அவர் தேடுவது வெறும் வயல்வெளியாகவும் இருக்கலாம்.

கிழக்கே கோட்டையில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வெள்ளாயணிக் காயலை ஒட்டிய புஞ்சக்கரி வயல்கள். நீலத் தாழைக்கோழியும் செந்நாரையும் அங்கே சாதாரணக் காட்சி. குளிர்காலத்தில் வெளியூர் விருந்தாளிகளும் சேர்ந்துகொள்கின்றன. வரப்போரம் வாலை ஆட்டிக்கொண்டு இரை தேடும் பொரி உள்ளான், ஸ்காண்டிநேவியா முதல் சைபீரியா வரையுள்ள சதுப்புகளில் பிறக்கும் பறவை. பயணியும் பறவையும் ஒரே ஊர்க்காரர்களாகவே இருக்கக்கூடும்!

பஸ்ஸில் சங்கடம் இல்லாமல் இல்லை. பறவை தென்பட்ட இடத்தில் வண்டி நிற்காது. ஆனால் இறங்கியபின் நடந்தே ஆகவேண்டும். கார்க்காரருக்குத் தப்புவது நடப்பவர் கண்ணில் படுகிறது. 1933-ல் டாக்டர் சலீம் அலி திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளை ஆராய்ந்து, 1953-ல் நூலாக வெளியிட்டார். அன்று அவர் கண்ட நாட்டில் வயல்களுக்குப் பஞ்சமில்லை.

நெல்வயலையும் ஈரநிலத்தையும் நிரப்புவதைத் தடுக்கக் கேரளத்தில் 2008-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே மேடான நிலங்கள் பல. உள்ளானுக்கு வேண்டியது கணுக்கால் அளவு நீரும் சேறும். மண்ணடித்த மனையில் அது இறங்காது.

பார்க்க விரும்புவோர் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். கடை திறக்கும் நேரத்துக்குச் சாலைக்குத் திரும்பியும் விடலாம்.