தருமபுரி மாவட்டப் பழத்தோட்டங்களும் பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சியும்

முன்னுரை
தருமபுரி மாவட்டம் மாவிற்கும் தக்காளிக்கும் பெயர்பெற்றது. இங்குப் பழ ஈயை அறிந்த அளவிற்குப் பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சியை உழவர்கள் அறிந்திலர். இரவில் வந்து செல்வதே இதற்குக் காரணம் எனலாம். அதன் தோற்றத்தையும் வாழ்வியலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்
எரிபிடே குடும்பத்தைச் சார்ந்த இப்பூச்சிகளுள் யூடோசிமா மெட்டர்னா, யூடோசிமா ஃபலோனியா ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. ஃபலோனியாவை 1763-லும் மெட்டர்னாவை 1767-லும் லின்னேயசு விவரித்தார். முன்னிறகுகள் காய்ந்த இலையை ஒத்தவை. பின்னிறகுகள் ஆரஞ்சு நிறமும் கரிய ஓரமும் உடையவை. பின்னிறகின் நடுவே மெட்டர்னாவிற்கு வட்டக் கரும்புள்ளியும், ஃபலோனியாவிற்கு வளைந்த கரும்பட்டையும் அமைந்துள்ளன. இறகு மடித்து அமர்கையில் பின்னிறகின் நிறம் மறைந்துவிடும்.

வாழ்வியல்
பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் மென்மையானது, மலர்த்தேனையே பருகவல்லது. இதன் குழலோ உறுதியும் முனையில் முட்களும் கொண்டு, பழத்தோலைத் துளைக்க வல்லது. துளைவழியே பூஞ்சையும் நுண்ணுயிரியும் புகுதலால் பழம் அழுகி உதிர்கிறது. பழ ஈ தாக்கிய பழத்தினுள் புழுக்கள் இருக்கும். இது துளைத்த பழத்தில் புழு இராது. இவ்வேறுபாட்டை அறியாதார் ஈக்கான மருந்தைத் தெளித்துப் பொருளிழக்க நேர்கிறது.

இதன் புழு பழத்தை உண்பதில்லை. வேலிகளில் படரும் சீந்தில், கட்டுக்கொடி முதலிய கொடிகளின் இலைகளே அதன் உணவு. பக்கவாட்டில் கண்போன்ற புள்ளிகளுடைய அப்புழு, முன்னுடலை வளைத்து ஓய்வெடுக்கும்; பின்னர் இலைகளை நூலால் பிணைத்து அதனுள் கூட்டுப்புழுவாகும்.

சிக்கலும் தீர்வும்
தோட்டத்தைச் சுற்றியுள்ள இக்கொடிகளை அகற்றுமாறு வேளாண் அறிவியல் பரிந்துரைக்கிறது. ஆனால் சீந்திலும் கட்டுக்கொடியும் சித்த மருத்துவத்தில் பயன்படும் மூலிகைகள் ஆகும். முற்றிலும் அழித்தால் பழம் காக்கப்படலாம், மருந்து குறையும். எனவே, கொடியை வேரோடு களைவதற்கு முன், இலைகளைப் பார்த்துப் புழுக்களைக் கையால் பொறுக்கி அழித்தல், முதிரும் பழங்களுக்கு உறையிடுதல், உதிர்ந்த பழங்களை உடனே அப்புறப்படுத்துதல் ஆகியவற்றை மேற்கொள்வது பொருத்தமாகும். கொடியை அகற்றியே ஆகவேண்டிய இடத்தில், தோட்டத்திற்கு அப்பால் அதனை வளர்த்துக் காத்தல் நன்று.

முடிவுரை
சேதம் தோட்டத்திலும் அதன் தோற்றுவாய் வேலியிலும் இருத்தலால், மரத்தை மட்டும் நோக்கும் பயிர்ப்பாதுகாப்பு பயனளிக்காது என்பது பெறப்படுகிறது. வேலித் தாவரங்களின் வழக்குப்பெயர்களையும் பயன்பாட்டையும் அறிந்த உள்ளூர் மக்களின் அறிவைப் பூச்சியியலோடு இணைத்து ஆராய்வது இன்றைய தேவையாகும்.